சான்றிதழுள்ள குறுவாளா, சான்றிதழ் இல்லாத கட்டானாவா? இணையத்தில் ஜப்பானிய வாள் வாங்க நான்கு வழிகள்

கையில் 4 லட்சம் யென் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு இணையத்தில் நான்கு விதமான வாள்கள் கண்ணில் படும். முதலாவது, அதிகம் பேர் கேள்விப்படாத கொல்லர் அடித்த எடோ காலத்து (1603–1868) வாகிசாஷி, அதாவது நடுத்தர நீள வாள். கூடவே சான்றிதழும் வரும். இரண்டாவது, 'கொதெட்சு' என்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயர் வெட்டிய கட்டானா, அதாவது நீள வாள், சான்றிதழ் கிடையாது. மூன்றாவது, இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரி இடுப்பில் தொங்கிய வாள். நான்காவது, இன்று உரிமத்தோடு தொழில் செய்யும் கொல்லரின் புதிய தாண்டோ, அதாவது மிகக் குட்டையான வாள்.

எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களின் கண் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்கும். நீளம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, விலையும் எட்டுகிறது. அதுவே கடைசியில் அதிகம் செலவு வைக்கும் வழி. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி: வாளைத் தொடாமல், திரையில் தெரியும் படங்களையும் தாள்களையும் மட்டும் வைத்து எவ்வளவு உறுதி செய்ய முடியும்? இரண்டாவது, விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் இன்னும் என்னென்ன செலவு காத்திருக்கிறது? மூன்றாவது, கணிப்பு தவறிப்போனால் பணம் எவ்வளவு திரும்பும்? நான்காவது, உங்களுக்கு வாள் எதற்கு? பழங்காலத் தோய்ச்சல் வேலையை (காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி இறுக்குவது) ரசிக்கவா, போர் வரலாற்றுக்காகவா, பயிற்சிக்கா? பயிற்சிக்கு என்றால் பழைய வாளே வேண்டாம். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் இரும்பு தேய்கிறது, அது திரும்ப வராது.

அளவுகளைச் சொல்லிவிடுவோம். 1 ஷாக்கு 30.3 செ.மீ. அதற்குக் கீழே இருந்தால் தாண்டோ. ஒன்றிலிருந்து இரண்டு ஷாக்கு வரை வாகிசாஷி. 60.6 செ.மீ. தாண்டினால் கட்டானா அல்லது தாச்சி (வெட்டுவாய் கீழே இருக்கத் தொங்கவிடும் பழைய நீள வாள்). வெட்டுவாய் தொடங்கும் பள்ளத்துக்கு நேரே முதுகில் இருக்கும் படியிலிருந்து நுனி வரை நேர்கோட்டில் அளப்பதுதான் நீளம். கைப்பிடியைச் சேர்த்து அளக்கக் கூடாது. கைப்பிடியோடு சேர்த்து '100 செ.மீ. வாள்' என்று விளம்பரம் போடுகிறவருக்கு அந்த அடிப்படையே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

| வழி | திரையில் உறுதி செய்ய முடிவது | பின்னால் வரும் செலவு | தவறினால் |
|---|---|---|---|
| சான்றிதழுள்ள பழைய வாள் | அதிகம் | ஏற்றுமதி அனுமதி, காத்திருப்பு | பெரும்பகுதி திரும்பும் |
| சான்றிதழ் இல்லாத பழைய வாள் | வால்பகுதியின் (கைப்பிடிக்குள் மறையும் பகுதி) படம் நன்றாக இருந்தால் ஓரளவு | தீட்டுதல், புது உறை, பரிசோதனை | பெரும் நஷ்டம் |
| போர்க்கால ராணுவ வாள் | முத்திரை, எண் வரை | குறைவு. ஜப்பானுக்கு அனுப்ப வழியில்லை | நடுத்தரம் |
| இன்றைய கொல்லரின் வாள் | ஏறக்குறைய முழுவதும் | காத்திருப்பு, உறை, காலர் (வாளின் அடியில் மாட்டும் உலோகப் பூண்) | மறுவிற்பனையில் இறங்கும் |

## சான்றிதழுள்ள பழைய வாள்

இங்கே சான்றிதழ் என்று சொல்வது 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம், அதாவது என்.பி.டி.எச்.கே., கொடுக்கும் தாளை. 1982 முதல் நடைமுறையில் இருக்கும் படிநிலை இது: ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. ஹோசோன் என்றால் வாள் உண்மையானது, கையொப்பம் இருந்தால் அது ஏற்கப்பட்டது, பாதுகாக்கத் தக்கது என்று பொருள். குறையே இல்லாத வாள் என்று அதற்குப் பொருள் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

இதோடு அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு தாள் 'தொரொகுஷோ', அதாவது பதிவுச் சீட்டு. மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, வெட்டியிருக்கும் பெயர் ஆகியவை அதில் இருக்கும். பெயர் உண்மையா என்று அது பார்ப்பதே இல்லை. பெரும்புகழ் பெற்ற கொல்லர் 'மசமுனே' பெயர் வெட்டியிருந்தால் 'மசமுனே' என்றே எழுதிவிடும். வண்டியின் ஆர்.சி. புத்தகம் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதது போலத்தான். "அரசுச் சான்றிதழ் உண்டு" என்று விற்பவர் சொன்னால் பெரும்பாலும் இந்தச் சீட்டைத்தான் சொல்கிறார். ஷோவா (ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக் கணக்கு) 26, அதாவது 1951 தேதியிட்ட சீட்டு என்றால் பெரிய பிரபு குடும்பத்து வாள் என்பதும் விற்பனைப் பேச்சு. அந்த ஆண்டில் பெரிய வீட்டு வாள்கள் பதிவானது உண்மை. அதை வைத்து உங்கள் திரையில் இருக்கும் வாளுக்கு வம்சம் எழுத முடியாது.

1982-க்கு முந்தைய 'கிச்சோ', 'தொகுபெட்சு கிச்சோ' தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. சிறிய கொல்லரின் பெயரில் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். பெரிய பெயருக்கு இந்தப் பழைய தாளை மட்டும் காட்டினால், தாளே இல்லை என்று கணக்கு வையுங்கள். ஜப்பானிலேயே இருக்கும் வாளை யாராவது புதிய தாளுக்கு ஏன் அனுப்பவில்லை என்பதுதான் கேள்வி.

தாள் உண்மையாகவே இருந்து, வாள் வேறாக இருக்கும் மோசடியும் உண்டு. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் அளவு ஷாக்கு, சுன் (ஷாக்கில் பத்தில் ஒன்று), பு (சுன்னில் பத்தில் ஒன்று) என்று இருக்கும். 2 ஷாக்கு 3 சுன் 1 பு என்றால் 60.6 + 9.09 + 0.3, ஆக 70 செ.மீ. விற்பவர் அளவுநாடாவோடு எடுத்த படத்தில் 68.5 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தாளில் ஒட்டியிருக்கும் வால்பகுதிப் படத்தில் துளைகளின் இடம், எழுத்துக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி, அடிமுனையின் வெட்டு எல்லாம் அப்படியே பொருந்த வேண்டும்.

பின்னால் வரும் செலவு இங்கே அதிகம் இல்லை. ஜப்பானை விட்டு வெளியே போக, கலாசார விவகார முகமையிடம் அனுமதி வாங்க வேண்டும். பதிவுச் சீட்டை விற்பவர் அதிகாரிகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதற்குச் சில வாரங்கள் ஆகும். விற்பவரே செய்து தருவது வழக்கம். "அனுமதி தேவையில்லை, அடுத்த நாளே அனுப்புகிறேன்" என்று ஜப்பானிலிருந்து யாராவது சொன்னால், அது அசல் பழைய வாளாக இருக்காது. அசலாகவே இருந்தால் சட்டத்தை மீறுகிறார்.

முதல்முறை வாங்குகிறவருக்கு இதுவே சரியான வழி. அதிலும் வாகிசாஷி. அதே கொல்லர், அதே தரம், ஆனாலும் நீள வாளின் விலையில் பாதியோ அதற்கும் கீழேயோ கிடைக்கும். தோய்ச்சலும் இரும்பின் அடுக்கும் அதில் குறைவதில்லை. நீளத்துக்குத்தான் சந்தை பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை நீங்களும் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை.

## சான்றிதழ் இல்லாத பழைய வாள்

ஏல மேடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ஜப்பானுக்குள்ளேயே இருக்கும் வாள், பெரிய பெயர் வெட்டியது, சான்றிதழ் இல்லை என்றால் முதலில் தோன்ற வேண்டிய சந்தேகம்: அனுப்பிப் பார்த்து, தாள் கிடைக்காமல் திரும்பியிருக்கும். பரிசோதனைக் கட்டணம் சில பத்தாயிரம் யென்தான். தேறினால் விலை பல மடங்கு ஏறும் என்றால் எந்த வியாபாரி அனுப்பாமல் விடுவார்? பிற நாடுகளில், தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து வெளிவரும் வாளுக்கு இந்தச் சந்தேகம் குறைவு. அங்கேதான் உண்மையான கண்டுபிடிப்புகளுக்கும் வாய்ப்பு.

ஜப்பானியர் கையொப்பத்தை 'மெய்' என்கிறார்கள். நம் காதுக்கு வேடிக்கையான சொல். போலிக் கையொப்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிமெய்'. தமிழில் பொய்மெய் என்றே சொல்லிவிடலாம். எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 17ஆம் நூற்றாண்டில் தொழில் செய்த நாகசொனே கொதெட்சுவின் பெயர் அவர் காலத்திலிருந்தே போலியாக வெட்டப்படுகிறது. அதனால் பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் வாளின் வடிவம், அடுத்து வால்பகுதி, அடுத்து தோய்ச்சல் கோடு. மூன்றும் ஒரே காலத்தைச் சொன்ன பிறகு பெயர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வடிவம். காமாகுரா காலத் (1185–1333) தொடக்கத்தின் தாச்சி கைப்பிடிக்குப் பக்கத்திலேயே வளையும். அடியில் அகலம், நுனி சிறியது. 14ஆம் நூற்றாண்டின் நான்பொகுச்சோ வாள்கள் அகலமானவை, மெல்லியவை, நுனி நீண்டவை. முரோமாச்சிக் காலக் கடைசியில் (16ஆம் நூற்றாண்டு) ஒரு கையால் வீசும் வாள் வந்தது: 60–66 செ.மீ., குட்டையான வால்பகுதி, வளைவு நுனிப் பக்கம். 1660களில் கான்புன் ஆண்டுகளின் வாள் கிட்டத்தட்ட நேராக, நுனிப் பக்கம் ஒடுங்கிப் போகும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பழைய வடிவங்களையே திரும்ப அடிக்க ஆரம்பித்தார்கள். அதனால் வடிவம் மட்டும் போதாது.

வால்பகுதி. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இந்தப் பகுதிக்கு நகாகோ என்று பெயர். இதை யாரும் தீட்டுவதில்லை, எண்ணெய் துடைப்பதில்லை. ஆகவே வயது அங்கேதான் தங்கியிருக்கும். 400, 500 ஆண்டுத் துரு கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு. வழவழப்பாக, புளி போட்டுப் பழகிய இரும்புச் சட்டி மாதிரி ஒரு மினுக்கு இருக்கும். அரம் ஓடிய கோடுகள் மங்கியிருக்கும். எடோ காலத்ததில் பழுப்பு சற்று இளசு, அரக்கோடுகள் தெளிவு. போர்க்காலத்து வாளில் சாம்பல் கலந்த மெல்லிய படலம், சில இடங்களில் உலோகமே பளபளக்கும். செங்கல் நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாகத் துரு இருந்தால் அமிலம் வைத்த வேலை என்று கொள்ளலாம், அல்லது ஈரத்தில் கிடந்த வாள். அமிலம் வைத்ததில் குழிகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழம். காலம் அப்படிச் சமமாகத் தின்னாது.

எழுத்தின் பள்ளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உளி ஓடிய பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் சுற்றிலும் இருக்கும் துருவும் ஒரே வயதாக இருக்க வேண்டும். சுற்றிலும் கறுப்பு, பள்ளத்துக்குள் இளம்பழுப்பு என்றால் பெயர் பின்னால் வந்தது. அடுத்து துளைகளை எண்ணுங்கள். நீள வாளைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறைப்பது சாதாரணம், 'சுரியாகே' என்பார்கள். அப்படிக் குறைத்தால் பழைய துளை கீழே நகரும், புதுத்துளை மேலே வரும், கையொப்பம் அடிமுனையை ஒட்டிப்போகும் அல்லது முற்றிலும் வெட்டுப்பட்டுவிடும். இரண்டு மூன்று துளை, வெட்டிக் குறைத்த அடிமுனை, ஆனால் பெயர் மட்டும் மேல்துளைக்குப் பக்கத்தில் குறையாமல் இருக்கிறதா? குறைத்த பிறகு வெட்டிய பெயர் அது.

தேதி இருந்தால் படியுங்கள். பழைய கொல்லர்கள் மரபாக இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே வெட்டினார்கள். வேலை எந்த மாதம் முடிந்தாலும் சரி. 'ஷோவா' என்று தொடங்கினால் ஆண்டு எண்ணோடு 1925 கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942. "சாமுராய் காலத்து வாள்" என்ற தலைப்பின் கீழ் இந்தத் தேதி இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

பிசென் பகுதியின் ஒசாஃபுனே ஊர்க் கொல்லர் 'சுகெசதா' பெயரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள். போருக்கு அள்ளிக் கொடுக்க அடித்த வாள்களில் சுருக்கமாக 'பிஷூ ஒசாஃபுனே சுகெசதா' என்று இருக்கும். தனி ஆளுக்காக அடித்ததில் ஊர், சொந்தப் பெயர் எல்லாம் நீளமாக வரும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், விலை வேறு. சுருக்கப் பெயர் வாளுக்கு நீளப் பெயரின் விலை கேட்கும் விளம்பரங்கள் ஏராளம்.

தோய்ச்சல் கோடு. வெட்டுவாய் நெடுகப் போகும் ஹமோன், களிமண் பூசித் தண்ணீரில் தோய்த்ததால் வருவது. உண்மையானதில் ஒளி படும் கோணத்தைப் பொறுத்துக் கோடு தெரியும், மறையும்; உள்ளே தூவிய உப்புபோல நுண்மணிகள் இருக்கும். அமிலம் தடவியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ உண்டாக்கியது எந்தக் கோணத்திலும் ஒரே வெள்ளை, அலைகள் கோலப்பொடி அச்சு போல ஒரே அளவு. இதில் ஒரு சிக்கல்: நல்ல தீட்டுபவர்களும் கோட்டை எடுத்துக்காட்ட வெட்டுவாயை வெளுப்பாக்குவார்கள். அதனால் ஒற்றை பல்பை வாளின் மேல் சரித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். வெளுப்புக்குள்ளே அசல் கோடு வேறு பாதையில் ஓடுவது அப்போது தெரியும்.

நுனியில் அந்தக் கோடு வளைந்து முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பத்துக்கு 'போஷி' என்று பெயர். நுனி உடைந்து திரும்பச் செதுக்கிய வாளில் இது இருக்காது. அதோடு மதிப்பும் போய்விடும். சீனாவின் லோங்ச்சுவான் போன்ற ஊர்களிலிருந்து வரும் அலங்கார வாள்களில் நுனியைப் பிரிக்கும் கோடே தீட்டுக்கல்லில் கீறிய தோற்றம்தான், மேடு இருக்காது. அவற்றின் மேற்பரப்பில் மரச் சுழி போல் பெரிய பெரிய வளையங்கள் துலங்கும். உண்மையான மடிப்பின் அடுக்கு நன்கு தீட்டிய வாளிலும் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். கைப்பிடிப் பட்டுக்கயிறைப் பாருங்கள்: அசலில் குறுக்குப் பின்னல் ஒரு முறை இடம் மேலே, மறுமுறை வலம் மேலே என்று மாறும், வைர இடைவெளிகள் சமம். மலிவுப் பிரதியில் எல்லாம் ஒரே பக்கம், அழுத்தினால் நகரும்.

இவ்வளவும் தேறினாலும் படத்தில் தப்பிவிடும் ஒரு குறை உண்டு. 'ஹகிரே': வெட்டுவாய்க்குச் செங்குத்தாக மேலே ஏறும் மயிரிழை விரிசல். வாளின் மதிப்பைக் கொல்லும் குறை இதுதான். விற்பவரிடம் எழுத்தில் "ஹகிரே இல்லை" என்று வாங்குங்கள். பிறகு திருப்பி அனுப்ப அது ஒன்றுதான் பிடி. தீயில் பட்டுத் தோய்ச்சல் போய், மறுபடி தோய்த்த வாளும் உண்டு. அதில் வெட்டுவாய் தொடங்கும் பள்ளத்திலிருந்து சாய்வாக ஒரு வெளிறிய நிழல் மேலேறுவது அடையாளம். வால்பகுதியின் துருவும் செதிலாக இருக்கும்.

இனி செலவு. துருப்பிடித்த கட்டானா மலிவாக வந்தது என்று வையுங்கள். முறையாகப் பயின்ற தீட்டுபவர் பொதுவாக அங்குலத்துக்கு 100 டாலருக்கு மேல் கேட்பார். 70 செ.மீ. என்றால் 27.5 அங்குலம், 2,750 டாலர். இதன்மேல் வெள்ளை மர உறை, புதிய உலோகக் காலர், பரிசோதனைக் கட்டணம், அனுப்பும் செலவு. வெளிநாட்டிலிருந்து பரிசோதனைக்கு அனுப்பினால் ஜப்பானில் இறங்கும்போதே பதிவு செய்ய வேண்டும், முகவர் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவு செய்த பிறகு பெயர் பொய் என்று வந்தால் அந்தப் பணம் போனதுதான். "நானே மெருகு மணல்தாளால் தீட்டிக்கொள்கிறேன்" என்பவர்களால் கெட்ட வாள்கள் ஏலத்தில் ஏராளம்.

யாருக்கு இது சரி? கையால் பல வாள்களைப் பார்த்துக் கண் பழகியவருக்கு. அல்லது பெயரே வெட்டாத, யாருக்கும் ஆசை காட்டாத, நல்ல நிலையிலிருக்கும் வாளை அந்த விலைக்கே வாங்கத் தயாராக இருப்பவருக்கு.

## போர்க்கால ராணுவ வாள்

கேட்பது போர் வரலாறு என்றால் இதுவே நேர்வழி. வயதில் மர்மமும் இல்லை. 1934, 1938 அதிகாரி வாள்கள், 1935 மாதிரி துணை அதிகாரி வாள். பிந்தையது ஆலையில் செய்தது. கைப்பிடி பட்டுக்கயிறு சுற்றியதைப் போல வார்த்த அலுமினியம், மேலே வண்ணம். வாளில் காலருக்குப் பக்கத்தில் வரிசை எண், உறையிலும் அதே எண். வாளின் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் பள்ளக்கோட்டுக்குள்ளே எண்ணைக் குத்தியிருந்தால் நகல்.

அதிகாரி வாளில் வால்பகுதி முத்திரையைத் தேடுங்கள். நட்சத்திர முத்திரை ராணுவம் ஏற்ற கொல்லர் மரபு முறையில் அடித்ததைக் குறிக்கும். 'ஷோவா', 'செகி' முத்திரைகள் பெரும்பாலும் ஆலை எஃகில் எண்ணெயில் தோய்த்தவை. சில சமயம் ராணுவக் கைப்பிடிக்குள் குடும்பத்துப் பழைய வாளே இருக்கும். கைப்பிடி கழற்றிய படம் இல்லாமல் அந்த ஆசைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்று: மரபு முறையில் அடிக்காத இந்த வாளுக்கு ஜப்பானில் பதிவு கிடைக்காது. தெரியாமல் அங்கே அனுப்பினால் திரும்பி வராது.

## இன்றைய கொல்லரின் வாள்

உண்மைத்தன்மை பற்றிக் கவலையே இல்லாத வழி. ஐந்து ஆண்டுக்குக் குறையாத பயிற்சி முடித்து உரிமம் பெற்றவர். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில் 1977 முதல் மறுபடி இயங்கும் உலையில் இரும்பு மணலை உருக்கி எடுக்கும் தமஹகானே எஃகு. மாதத்துக்கு நீள வாள் இரண்டு, அல்லது குறுவாள் மூன்று என்று அளவும் உண்டு. நீள வாளுக்குப் பெரும்பாலும் 10 லட்சம் யென் தாண்டிவிடும். 4 லட்சத்துக்குத் தாண்டோதான். காத்திருப்பு நீளம், பட்டறையை விட்டு வெளியே வந்ததும் மறுவிற்பனை விலை இறங்கும். பழமை வேண்டாம், மரபு வேலை தீட்டித் தேயாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தும்.

## பணம் அனுப்பும் முன் சட்டம்

இந்தியாவில் வாள் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வரும். இறக்குமதிக்கு உரிமம் கேட்பார்கள், இல்லையென்றால் சுங்கத்தில் நிற்கும். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் 2008 முதல் தடை. 1954-க்கு முன் செய்தவற்றுக்கும் மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கும் விலக்கு. அந்த விலக்கைக் காட்ட சான்றிதழ் இருந்தால் சுங்கத்தில் பேச்சு சுலபம். 100 ஆண்டைத் தாண்டிய பொருள் 9706 என்ற சுங்க வகைப்பாட்டில் வரும். சில நாடுகளில் வரி குறையும். ரசீதில் காலம் எழுதியிருக்க வேண்டும். ராணுவ வாளும் புது வாளும் இதில் சேராது.

## பெட்டி வந்ததும்

திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் மூன்று நாள். முதல் நாளே நீளத்தை அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றி, வால்பகுதியை விளம்பரப் படத்தோடு ஒப்பிடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒற்றை பல்பின் கீழ் வெட்டுவாயை அடியிலிருந்து நுனி வரை அங்குலம் அங்குலமாக, இரண்டு பக்கமும், ஹகிரே இருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் கோடு திரும்புகிறதா என்று பாருங்கள். வெறும் விரலால் வாளைத் தொட வேண்டாம், ஒரே நாளில் துரு பிடிக்கும். வால்பகுதியின் துருவை எதைக் கொண்டும் தேய்க்க வேண்டாம். அதைச் சுத்தம் செய்துவிட்டால், வாங்கிய வாளின் வயதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. திருப்பி எடுக்க விற்பவரும் மாட்டார்.